நாற்பத்தேழாம் பகுதி

அக்டோபர் 9, வியாழன்

லாரி ஆபீஸ்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் ராகு காலம் அச்சடித்திருக்கும். சரக்கு வரத்தைத் தவிர இதில் நான் வேறெதையும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். வாயால் சொல்ல ஆள் இல்லை.

மதுரையில் டாக்டர் என்னையும் மகள் தேன்மொழியையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். என் வீட்டுக்காரிக்குக் கணையத்தில் கட்டி. ஈரல் வரைக்கும் போய்விட்டது. ஆபரேஷனுக்கு வழியில்லை. எவ்வளவு நாள் என்று கேட்டேன். சுற்றி வளைத்துப் பேசினார்.

"சார், நான் பருப்பு யாவாரி. சரக்கு எப்படின்னு நேராச் சொல்லிருங்க" என்றேன்.

"ஆறு வாரம். எட்டு வாரம் போனா அதிகம்."

புஷ்பம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முழுப் பெயர் தங்கபுஷ்பம். சர்க்கரை அவள் கண்ணை ஏற்கெனவே முக்கால்வாசி தின்றுவிட்டது. எதிரே நிற்கும் ஆள் அவளுக்கு நிழல்தான். என் செருப்புச் சத்தத்தை வைத்துத் தலையைத் தூக்கினாள்.

"என்ன சொன்னாரு?"

"கணையத்துல வீக்கமாம். மாத்திரை குடுத்திருக்காரு. மெதுவா வத்திரும்."

தேன்மொழி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். விருதுநகர் வந்து சேரும்வரை காரில் ஒரே ஒரு பேச்சுதான். "திருமங்கலம் தாண்டியாச்சா?" என்று புஷ்பம் கேட்டாள். தாண்டியாச்சு என்றேன்.

என் மூட்டையில் மேலே ஒன்று, அடியில் ஒன்று என்று பஜாரில் எவனும் இதுவரை சொன்னதில்லை. குத்தூசியை மூட்டையின் அடியில் செருகி, அங்கே இருப்பதை உருவிக் காட்டித்தான் விற்பேன். இன்றைக்கு மேலாக ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

உளுந்து வரத்து குறைவு. மழை.

புஷ்பம் தன் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். கல்யாணப் புடவைக்குக் கீழே ஒரு பைண்டுப் புத்தகம். அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் செய்கிற வேலைதான்: வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை வாரா வாரம் கத்தரித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு போட்டு வைத்துக்கொள்வார்கள். காலிகோ அட்டை, முதுகில் தங்க எழுத்தில் 'உப்புக்கரை வீடு'. எழுத்தில் பாதி உதிர்ந்துவிட்டது.

"இதை எனக்கு வாசிச்சுக் காட்டணும்."

"தேன்மொழி வாசிக்கட்டும். அவதான் படிச்சவ."

"அவளும் வாசிக்கட்டும். ஆனா நீங்க வாசிக்கணும்."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

வாசித்தேன். ஐந்து பகுதி. தொண்டை கட்டிவிட்டது.

கதை தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கிறது. சீனியம்மாள் என்று ஒரு பெண். புருஷன் துரைக்கண்ணு ரங்கூனுக்குக் கப்பலேறிப் போகிறான். இவள் மாமியாரோடு இருந்து உப்பு வாருகிறாள். இதைச் சொல்ல ஐந்து வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறார் எழுதினவர். உப்பு வாரும் பலகையின் கைப்பிடி எப்படி வழவழப்பாகிவிட்டது என்று மட்டும் ஒரு பக்கம்.

"சரக்கை விட சாக்கு கனமா இருக்கே" என்றேன்.

"பேசாம வாசிங்க."

மாத்திரை மூன்று வேளை. காலையில் இரண்டு இட்லி தின்றாள். ஒன்றுதான் வயிற்றில் நின்றது.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் மூச்சு விட நேரமில்லை. தூத்துக்குடிக்குப் போய்ப் பர்மா உளுந்து பார்த்துவிட்டு வந்தேன். நான் இல்லாத மூன்று நாளும் தேன்மொழி வாசித்திருக்கிறாள். இருபதிலிருந்து முப்பத்திரண்டு வரை ஓட்டிவிட்டாள். நடுவில் என்ன நடந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. முப்பத்து மூன்றில் பிடித்துக்கொண்டேன்.

புஷ்பத்தின் அண்ணன் ஜெயக்கொடி பம்பாயிலிருந்து போன் செய்தார். கூடப் பிறந்தது அவர் ஒருத்தர்தான். "மாப்ள, எனக்கு முழங்கால் மூட்டு மாத்துறதுக்கு இருபத்தஞ்சாம் தேதி குறிச்சிருக்கு. பண்ணிட்டா ஒரு மாசம் அசையக் கூடாதாம். புஷ்பத்துக்கு ஏதாச்சும் பெருசா இருந்தாச் சொல்லுங்க. தள்ளிப் போட்டுட்டு வந்து பாத்துட்டுப் போறேன்."

"ஒண்ணுமில்ல மச்சான். வீக்கம்தான். நீங்க காலைப் பாருங்க."

தேன்மொழி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏம்ப்பா?" என்றாள். "அவரு வந்து நின்னா இவளுக்குப் புரிஞ்சிரும்ல" என்றேன். நான் சொன்னதில் கணக்குத் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள். புதுப்புடவையை மடியில் வைத்து, கரையைத் தடவிப் பார்த்து, "என்ன கலரு?" என்றாள். அரக்கு என்றேன். மடித்துத் தேன்மொழியிடம் கொடுத்துவிட்டாள்.

அதிரசம் ஒரு விள்ளல். அதுவும் எனக்காக.

அக்டோபர் 22, புதன்

நாற்பத்தாறு முடிந்தது. கதையில் யுத்தம் வந்து, பர்மாவை விட்டு ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள். துரைக்கண்ணுவிடமிருந்து இரண்டு வருஷமாகக் கடிதமில்லை. ஒரு சாயங்காலம் மதுரை ரயிலிலிருந்து தகரப்பெட்டியோடு ஒரு ஆள் இறங்குகிறான். விசாரித்து விசாரித்து உப்பளத்துக்கு வருகிறான். சீனியம்மாள் கதவைத் திறக்கிறாள். அவன் முதுகுக்குப் பின்னால் சூரியன், முகம் தெரியவில்லை. அங்கே நிற்கிறது. கீழே கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான்: 'அடுத்த இதழில் முடியும்.'

அடுத்தது இல்லை. பின்னட்டைதான் இருக்கிறது.

"என்ன புஷ்பம், கடைசி ஒண்ணு குறையுதே?"

"ஆமா. குறையுது."

"வந்தது யாரு? புருஷன்தான?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அது மட்டும் தெரிஞ்சுட்டாப் போதும்" என்றாள். எது மட்டும் என்று நான் கேட்கவில்லை. அதைத்தானே நானும் கேட்டேன்.

கதை வந்தபோது எங்களுக்குக் கல்யாணமான புதிது. வீடு மாற்றிய களேபரத்தில் அந்தப் பகுதி தொலைந்திருக்கும்.

அக்டோபர் 23, வியாழன்

பருப்பு வியாபாரிகள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். 'தேவை: உப்புக்கரை வீடு தொடர்கதை, 47ஆம் பகுதி, ஒரு எண்ணம். நாற்பத்தோரு வருஷத்துக்கு முந்தின வார இதழ். விலை பிரச்சினை இல்லை.'

சேலத்துக்காரன் கேட்டிருந்தான்: 'அண்ணாச்சி, தோல் நீக்கியதா, தோலோடவா?'

சாயங்காலம் காரைக்குடியிலிருந்து ஒருவர் நம்பர் அனுப்பினார். அங்கே ஒரு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் பழைய பத்திரிகைகளை அறை அறையாக வைத்திருக்கிறாராம்.

வீடு மாற்றியது என்று நேற்று எழுதியிருக்கிறேன். வீடெதுவும் மாற்றவில்லை. கடைக்குப் பின்னால் ஒற்றை அறை, ஏழு வருஷம் அதே அறைதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

காரைக்குடி போய் வந்தேன். மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்திரிகைகளுக்கு நடுவே நெப்தலின் உருண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஏணியில் ஏறி, ஐந்தே நிமிஷத்தில் எடுத்துவிட்டார்.

"என்ன வெலைன்னு சொல்லுங்க சார்."

"விக்கிறதுக்கில்ல."

"எல்லாத்துக்கும் ஒரு வெல இருக்கும்ல."

"இருக்கும். இதுக்கு நான் வைக்கல. போட்டோ எடுத்துக்கங்க. தாளை மடிச்சிராதீங்க, பொடிஞ்சிரும்."

மடிச்சிராதீங்க என்றபோது எனக்குச் சுருக்கென்றது.

அவர் எதிரிலேயே நின்று படித்தேன். மூன்றே பக்கம். வந்தது துரைக்கண்ணு இல்லை. அவனோடு நடந்து வந்த எவனோ ஒருத்தன். மற்றதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

"என்ன சார் இது? நாப்பத்தாறு வாரம் காசு குடுத்து வாங்கிப் படிச்சவன் கையில கடைசியில இப்படியா குடுக்குறது? நான் இந்த மாதிரி ஒரு மூட்டை போட்டேன்னா பஜார்ல செருப்பாலடிப்பான்" என்றேன்.

போஸ்ட்மாஸ்டர் சிரித்தார். "அடிக்கத்தான் செஞ்சாங்க. அந்த வாரம் எங்க ஆபீஸ்லயே எத்தனை கார்டு விழுந்துச்சுங்கிறீங்க! 'ஏன்யா புருஷனைக் கொன்னே?'ன்னு பொம்பளைங்க திட்டி எழுதியிருந்தாங்க. கார்டுதான, ஸ்டாம்பு குத்தையில படிச்சிருவேன். எழுதின மனுசன் மாத்தல. புத்தகமா போட்டாலாவது மாத்துவாருன்னாங்க. மாத்துனாத்தான் போடுவேன்னு பதிப்பாளர் சொல்ல, புத்தகமே வேணாம்னுட்டாரு. அதே பத்திரிகையில அதுக்கு முன்னாடி பின்னாடி வந்த கதையிலெல்லாம் கடைசியில கல்யாணம்தான். ஒண்ணாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"நான் கதையே படிச்சதில்ல சார்."

"படிச்சவங்க யாரும் அதையெல்லாம் தேடி என்கிட்ட வந்ததில்ல. இதுக்கு மட்டும் நீங்க நாலாவது ஆளு."

திரும்பி வரும் வழியெல்லாம் புஷ்பத்திடம் இதை வாசிக்க முடியாது என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆறு வாரம் இருக்கிறவளுக்கு இது எதற்கு? ஆறில் இரண்டரை போய்விட்டது.

ஜெயக்கொடி மச்சானுக்கு நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். மகன் போனில் சொன்னான்.

அக்டோபர் 30, வியாழன்

கடையில் உட்கார்ந்து மூன்று நாளாக எழுதினேன். சரக்குச் சீட்டின் பின்பக்கம், நான்கு தாள். எனக்கு வந்த எழுத்தில் துரைக்கண்ணுவை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

அவள் இன்று கஞ்சி மட்டும். கண் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருக்கிறது. தேன்மொழியிடம் கேட்டிருக்கிறாள்: "என் கண்ணு என்ன கலர்ல இருக்கு?" மகள் எப்போதும் போலத்தான் என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

மத்தியானம் கஞ்சி குடித்தபிறகு சொன்னேன்: "கடைசிப் பகுதி கிடைச்சிருச்சு."

எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வாரமாக அவள் தானாக எழுந்து உட்காரவில்லை. தலையணையை முதுகுக்குக் கொடுத்தேன். தாளைப் பிரித்து வாசித்தேன்.

துரைக்கண்ணு வாசலில் நிற்கிறான். "சீனி, நான்தான்" என்கிறான். தகரப்பெட்டியைத் திறந்தால் ரங்கூன் பட்டும் தங்கமும். மாமியார் ஓடிவந்து ஆரத்தி எடுக்கிறாள். அடுத்த வருஷமே சொந்தமாக உப்பளம் வாங்குகிறார்கள். தெருவே வந்து வாழ்த்துகிறது. முற்றும்.

புஷ்பத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் கோணக் கோணச் சிரிக்கிறாள்.

"ஏங்க... மாமியாக்காரி முப்பத்தோராம் வாரத்துலயே செத்துட்டாளே! செத்தவளைக் கொண்டாந்து ஆரத்தி எடுக்க வச்சுட்டீகளே!"

தேன்மொழி அறைக்கு உள்ளே வந்தவள் அப்படியே வெளியே போய்விட்டாள். நான் தூத்துக்குடி போயிருந்த மூன்று நாளில் அந்தக் கிழவி செத்திருக்கிறாள். எனக்கெப்படித் தெரியும்?

"ஏதோ அச்சுப் பிழையா இருக்கும்" என்றேன். வேறென்ன சொல்ல?

"சொந்தமா உப்பளம் வாங்கினாகளாம். தெருவே வாழ்த்துச்சாம். இது எழுதினவரு எழுதினதில்ல. ஒரு கடைக்காரரு எழுதினது." சிரிப்பு நின்றது. "அந்தப் புத்தகத்தை எடுங்க. பின்னட்டையில உள்பக்கம் ஒட்டின தாள் ஒரு ஓரம் விட்டிருக்கும். கையை விடுங்க."

விட்டேன். ஒரு துண்டுத் தாள் வந்தது. அரைப் பக்கம்தான் இருக்கும். பழுத்துப்போயிருந்தது. குறுக்கும் நெடுக்குமாக மடிப்பு. பொட்டலம் மடித்த மடிப்பு. என் மடிப்பு அது. இடது ஓரத்தை உள்ளே இரண்டு தடவை சுருட்டுவேன். பஜாரில் வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை.

"வாசிங்க."

வாசித்தேன். "'...அந்தக் காட்டுப் பாதையில் அவரைக் கடைசியாகப் பார்த்தது நான்தான், அம்மா' என்றான் வந்தவன். சீனியம்மாள் கேட்டாள்: 'அன்னைக்கு அவுக சாப்பிட்டாகளா?'"

அதற்குக் கீழே கிழிந்திருந்தது.

இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும். கல்யாணமான நாலாவது மாசம். ஜெயக்கொடி மச்சான் மாசத்துக்கு ஒரு தடவை ஊரிலிருந்து பத்திரிகைகளைக் கட்டாகக் கொண்டுவந்து தங்கச்சிக்குக் கொடுப்பார். அந்தத் தடவை அவள் மற்றதையெல்லாம் படித்துக் கத்தரித்துவிட்டு, கடைசி ஒன்றை மட்டும் அவசரமில்லாமல் படிக்கலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டு மாவு திரிக்க மில்லுக்குப் போயிருந்தாள். அப்போது சில்லறை மளிகைக் கடைதான். கடையில் கூட்டம். தாள் தீர்ந்துவிட்டது. கை நீட்டினால் எட்டுகிற அலமாரி. ஒவ்வொரு தாளாகக் கிழித்து மடித்தேன். சீரகம், மிளகு, கடுகு. அவள் வந்து தேடியபோது, எந்தப் புஸ்தகம், எனக்குத் தெரியாதே என்றேன். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றும் சொன்னதாக ஞாபகம்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"மில்லுலேருந்து வரையில தெருக்குழாயில பக்கத்து வீட்டு ரெங்கம்மா நின்னா. கையில பொட்டலம். மேல சீனியம்மா படம். பின்னாடியே அவ வீட்டுக்குப் போனேன். அதுக்குள்ள மேத்தாளை அடுப்புல போட்டுட்டா. இது அடித்தாளு, பாதி கெடைச்சது. மத்தது யாரு யாரு வீட்டு அடுப்போ."

"நாப்பத்தோரு வருசமா ஒரு வார்த்தை கேக்கலியே நீ."

"எலின்னு சொன்னீகளே."



"அப்ப புருஷன் வரலைங்கிறது உனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

"அது தெரியும். வந்தவரு என்ன பதில் சொன்னாருன்னுதான் தெரியாது. ஆமா சாப்பிட்டாருன்னு சொன்னாரா, இல்லன்னு சொன்னாரா? அது மட்டும் வாசிங்க. நீங்க எழுதினது வேணாம்."

போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன்.

"வந்தவன் தகரப்பெட்டியைக் கீழே வைத்தான். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். 'இல்லம்மா. ரெண்டு நாளா சாப்பிடல' என்றான். சீனியம்மாள் தலையை ஆட்டினாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். 'நீங்க சாப்பிட்டுப் போங்க' என்றாள். மறுநாள் விடிவதற்கு முன் பலகையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். முற்றும்."

புஷ்பம் கண்ணை மூடியபடி இருந்தாள்.

"ஆமான்னு சொல்லியிருந்தா, அந்தப் புத்தகத்தைத் தூக்கி அடுப்புல போடச் சொல்லியிருப்பேன்" என்றாள். "இல்லன்னுதான் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். நாப்பது வருசமா இல்லன்னுதான் நெனச்சேன். உலை வைக்கையில நெனப்பேன். இல்லன்னு கேட்டாத்தான அவளால எந்திரிச்சு அடுப்பைப் பத்த வைக்க முடியும்? ஆமான்னு சொல்லியிருந்தா அங்கேயே உக்காந்திருப்பா, நெசமா பொய்யான்னு யோசிச்சுக்கிட்டு."

பிறகு கையை நீட்டி என் மணிக்கட்டைத் தடவிப் பிடித்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

சொன்னேன். ஆறு வாரம், இல்லாவிட்டால் எட்டு. அதில் மூன்றரை போய்விட்டது என்று.

விரல்விட்டு எண்ணினாள். "கார்த்திகைத் தீபம் பாக்க மாட்டேன்."

"பாத்தாலும் பாக்கலாம்."

"மறுபடியும் எழுதாதீக."

நவம்பர் 3, திங்கள்

என்னோடு பேசவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

பேசவில்லை. துவரை நல்ல வரத்து. மூட்டை பார்க்கப் போகவில்லை.

நவம்பர் 5, புதன்

பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"மூணரை வாரம். அண்ணன் காலை வெட்டிப் படுக்கறதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிருப்பாக. அவுக கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை பேசியிருப்பேன். என் மூணரை வாரத்தையும் பொட்டலம் மடிச்சுட்டீக."

போன் போட்டுக் கொடுத்தேன். ஜெயக்கொடி மச்சான் அந்தப் பக்கம் குழந்தை மாதிரி அழுதார். "ஒரு வாரம் பொறு தாயி, வாக்கர் குடுத்துட்டாங்க, வந்துருவேன்" என்றார். இவள், "வராதீகண்ணே, தையல் பிரிஞ்சிரும்" என்றாள். இவள் அழவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

புஷ்பம் சொல்லச் சொல்லத் தேன்மொழி எழுதிக்கொண்டாள். எந்தப் புடவை யாருக்கு, எந்தப் பாத்திரம் எந்த நாத்தனாருக்கு. சட்டியில் ஓட்டை இருப்பதைச் சொல்லிவிட்டே கொடுக்க வேண்டுமாம். எதைக் கட்டி அவளைக் கொண்டுபோவது என்பதையும் சொன்னாள். அரக்கு வேண்டாம், பச்சை.

நான் எழுதிய நாலு தாள் மேஜையிலேயே கிடந்தது. என்ன செய்ய என்று கேட்டேன்.

"சீரகம் மடிங்க" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. சரியாகத் தெரியவில்லை.

நவம்பர் 13, வியாழன்

மத்தியானம் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். நான் மூன்று நாளாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"புஷ்பம், அந்தத் தாளைக் கிழிச்சதுக்கு என்னை மன்னிச்சிட்டியா?"

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"இல்ல. அதுக்கப்புறம் நான் கதையே படிக்கல, தெரியுமா? மறுபடி ஒண்ணை ஆரம்பிச்சு, மறுபடி நீங்க... பயம். உங்க வீட்ல நல்ல சோறு, நல்ல துணி. ஒண்ணும் குறைவில்ல. ஆனா அது ஆறல. ஆறிருச்சுன்னு சொன்னா உங்களுக்கு நல்லா இருக்கும். பொய்யா இருக்கும்."

அவள் கதை படிப்பதை விட்டபோது குடும்பத்தில் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவன் நான். கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

"சரி" என்றேன்.

"கோவமா?"

"இல்ல."

"வெத்தலை வாசனை வருது. அந்தப் பக்கம் போய் உக்காருங்க, கொமட்டுது." பிறகு, "ரொம்பத் தள்ளிப் போயிராதீக" என்றாள்.

நவம்பர் 17, திங்கள்

மறுபடி முதல் பகுதியிலிருந்து வாசிக்கிறேன். உப்புப் பலகையின் கைப்பிடி வரும் இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். எத்தனையோ கை பட்டு வழவழத்துப் போனதில் இவள் கை எது என்று தெரியவில்லை என்று வருகிறது. முதல் தடவை இது எனக்குச் சரக்கில்லாத வெறும் சாக்காகத் தெரிந்தது.

நவம்பர் 19, புதன்

ஒன்பதாம் பகுதி. பாதியில் தூங்கிவிட்டாள். நிறுத்தவில்லை, முடிவு வரை வாசித்தேன்.

நவம்பர் 20, வியாழன்

கஞ்சி இறங்கவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

தண்ணீரும் இறங்கவில்லை. பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். மாமியார் சாகிற முப்பத்தொன்றாம் பகுதியை எடுத்து வாசித்தேன், எனக்காக. கேட்டாளா தெரியாது.

நவம்பர் 22, சனி

காலை ஒன்பது நாற்பது.

நவம்பர் 25, செவ்வாய்

ஜெயக்கொடி மச்சான் வந்தார். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் ரயிலில் ஏறிவிட்டாராம். மகன் ஒரு பக்கம் பிடிக்க, இன்னொரு பக்கம் வாக்கரை ஊன்றி வாசல்படியில் நின்றார். மத்தியான வெயில் அவர் பின்னால் அடித்ததில் முதலில் யாரென்றே எனக்குத் தெரியவில்லை.

நாற்காலியில் உட்கார வைத்தேன். புஷ்பத்தின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். என் மேல் அவருக்குள்ள கோபம் எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் பேசவில்லை. வந்துபோன எல்லோரும் கேட்டதைத்தான் அவரும் கேட்டார்.

"மாப்ள, கடைசியா ஏதாச்சும் சாப்பிட்டாளா?"

மூன்று நாளாக எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்லிவந்தேன். ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சா, கஷ்டப்படல என்று. கேட்டவர்கள் நல்ல சாவு என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார்கள். அதே பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தேன்மொழி நின்ற இடத்திலிருந்து என்னைப் பார்த்தாள்.

"இல்ல மச்சான்" என்றேன். "ரெண்டு நாளா சாப்பிடல."

தலையை ஆட்டினார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கொஞ்சம் பொறுத்து எழுந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. ரசம் ஆறிப்போயிருந்தது. அடுப்பைப் பற்ற வைத்துச் சுட வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அடுப்பை நான் பற்ற வைத்ததில்லை. மூன்று குச்சி ஆயிற்று.

"சாப்பிடுங்க" என்று இலையைப் போட்டேன்.

நவம்பர் 26, புதன்

ஐந்தரைக்குக் கடை திறந்தேன். துவரை எழுபது மூட்டை வந்திருந்தது. குத்தூசியை எடுத்துக்கொண்டு போனேன்.